தாக்குதலுக்குப் பிறகு வரும் தேர்தல்

தீவிர வலதுசாரிப் பயங்கரவாதம் நிகழ்ந்ததும் மக்கள் அந்தச் சிந்தனையையே கைவிட்டுவிடுவார்கள் என்று நம்புவது எளிது. நோர்வேயின் அனுபவம் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவிலும் உத்தோயா தீவிலும் 77 பேரைக் கொன்றவன், குடியேற்றத்தை எதிர்க்கும் முன்னேற்றக் கட்சியில் ஒரு காலத்தில் உறுப்பினனாக இருந்தவன். இரண்டு மாதங்களுக்குள் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் அக்கட்சி கடுமையாகச் சரிந்தது. ஆயினும் 2013இல் அதே கட்சி முதன்முறையாக அரசாங்கத்தில் பங்காளியானது. உத்தோயா இளைஞர் முகாமில் தன் இளைஞர்களைப் பறிகொடுத்த தொழிற்கட்சியோ ஆட்சியை இழந்தது. அனுதாபத்தின் ஆயுள் அவ்வளவுதான் போலும்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரப் பள்ளிவாசல்களில் தீவிர வலதுசாரி ஒருவன் 51 உயிர்களைப் பறித்த 2019 மார்ச் 15 தாக்குதலின் பின், ஒரு மாதம் முடிவதற்குள் நியூசிலாந்துப் பாராளுமன்றம் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை 119க்கு 1 என்ற வாக்குகளால் தடைசெய்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று கொழும்பிலும் பிற நகரங்களிலும் குண்டு வைத்தவர்கள், இஸ்லாத்தின் பெயரால் இயங்கிய வேறொரு தீவிரவாதத்தின் பிள்ளைகள். அது கிறைஸ்ட்சேர்ச்சுக்கான பதிலடி என்று நமது அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார். நியூசிலாந்து அரசு அதை உறுதிப்படுத்தவில்லை. மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் தாக்குதலோடு தொடர்பேயில்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நவம்பரில், பாதுகாப்பை முன்னிறுத்திய கோட்டாபய ராஜபக்ச தெற்கின் வாக்குகளால் ஜனாதிபதியானார். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த மட்டக்களப்பு மாவட்டமோ அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவுக்கே பெருவாரியாக வாக்களித்தது.