ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு மேடு

பொத்தான் வைத்த கார்டு இயந்திரங்களில் ஐந்தாம் எண்ணின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். விரலில் அது தட்டுப்பட்டால் போதும். மேலே இரண்டு, கீழே எட்டு, இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஆறு என்று மற்றதையெல்லாம் பிடித்துவிடலாம். பார்வை போன பிறகும் ஒன்பது வருடமாக என் ரகசிய எண்ணை நான்தான் அழுத்திவந்தேன். போன வருடம் ஒரு கடையில் என் கைக்கு வந்த இயந்திரம் வழவழவென்று வெறும் கண்ணாடியாக இருந்தது.

"நம்பரைச் சொல்லுங்க சார், நான் போட்டுடறேன்" என்றார் கல்லாவில் இருந்தவர். நல்ல மனதோடுதான் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் எண்ணை மாற்றினேன். அத்தனை பேர் காதில் விழும்படி அதைச் சொன்ன வலி மட்டும் பல நாள் போகவில்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "மாநாட்டுக்கு வா, தீர்மானமாகக் கொண்டு வா" என்றார். பார்வையற்றோர் சமவுரிமைக்காகக் கூடும் மாநாடு அது. நான் அதுவரை போனதில்லை. என்னைப் போல இன்னும் பலரோடு இருந்தால் என் குறைதான் பெரிதாகத் தெரியும் என்று பயந்திருந்தேன்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது கோல்களின் சத்தம். நூற்றுக்கணக்கான வெள்ளைக்கோல்கள் தரையைத் தட்டிக்கொண்டு போயின. என் கோல் யாருடைய கோலிலோ மாட்டியது. பதறி மன்னிப்புக் கேட்டேன். "இங்க அதெல்லாம் கேக்கவே வேணாம் தம்பி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வழி கேட்டால் சொன்னார்கள், நான் நடந்தேன்.

தீர்மானக் குழு, அவை கூடுவதற்கு முந்தைய நாள் மாலை கூடியது. பேசும் முன் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. என் வரைவை, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் கேட்டுக் கேட்டுத் திருத்திக் கொண்டுபோயிருந்தேன். கடைகளில் எங்களுக்கு உதவ நம்பகமான பணியாளரை நியமிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம் என்று அதில் எழுதியிருந்தேன். குழுவில் மூத்த அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, பார்க்கிறவங்க தன் நம்பரைப் பணியாளர்கிட்ட சொல்றாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப நாம மட்டும் ஏன் நம்பகமான ஆளைக் கேக்கணும்? யாரை, என்ன செய்யச் சொல்றோம்? எந்த உரிமையை வெச்சுக் கேக்கறோம்? இந்த மூணும் இல்லேன்னா அது தீர்மானம் இல்ல, விண்ணப்பம்."

பிறகு புத்தகத்தை உதாரணம் காட்டினார். பிரெயில் நூல்களை இரக்கப்பட்டு அச்சிடச் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் 2013இல் மராகேஷ் ஒப்பந்தம் வந்திருக்காது என்றார். பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதிக்காகக் காத்திராமல் ஒரு நூலைப் பிரெயிலிலோ ஒலியிலோ ஆக்கவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் வழிசெய்த ஒப்பந்தம் அது. உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தது. அன்றிரவு உட்கார்ந்து முழுதும் மாற்றி எழுதினேன். 2006ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு அணுகல்தன்மையைப் பற்றியது. அதை முதல் வரியில் வைத்தேன். இயந்திரம் தயாரிப்பவர்களும் அதை வாங்கி வைக்கும் வங்கிகளும் திரையை ஒலியால் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை.

மறுநாள் அவையில் அதை முன்மொழிந்தேன். ஒருவர் வழிமொழிந்தார். சுலபமாக முடியும் என்று நினைத்த நேரத்தில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத உறுப்பினர் ஒருவர் பேச அனுமதி கேட்டார். மற்றவர்கள் சொன்னதை உரைபெயர்ப்பாளர் அவர் உள்ளங்கையில் சைகையாகத் தந்துகொண்டிருந்தார். "உங்கள் தீர்மானம் நிறைவேறினாலும் நான் என் எண்ணை இன்னொருவரிடம்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஒலி எதற்கு?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கு நேர்ந்ததை இவருக்கு நானே எழுதிவைத்திருக்கிறேன்! விரலால் தொட்டறியும் பொத்தான்களும் ஒலியும் இரண்டுமே கட்டாயம் என்று திருத்தம் கொண்டுவந்தார். உடனே ஏற்றுக்கொண்டேன். விலை கூடும், தயாரிப்பாளர்கள் மொத்தமாக மறுத்துவிடுவார்கள் என்று சிலர் வாதாடினார்கள். அவர்கள் பயமும் பொய்யில்லை.

குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' அதிகமா, 'இல்லை' அதிகமா என்று தலைவருக்குத் தெளியவில்லை. கை தூக்கி எண்ண முடியாத அவை அது. ஆதரிப்பவர்கள் எழுந்து நின்று வரிசையாக எண்ணச் சொன்னார். முதல் இருக்கையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே சொன்னார்கள். குரல்கள் வரிசை வரிசையாக என்னை நோக்கி வந்தன. என் முறை வந்தபோது "நாற்பத்தேழு" என்றேன். எனக்குப் பின்னாலும் எண்கள் போய்க்கொண்டே இருந்தன.

தீர்மானம் நிறைவேறியது. வங்கிகளைச் சந்திக்க மூன்று பேர் குழு போட்டிருக்கிறார்கள். நானும், அந்த அக்காவும், திருத்தம் கொண்டுவந்தவரும். கோரிக்கையின் பிரெயில் படியை இப்போது விரலால் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.