குறுக்கு பிடித்த மே மாதம்

மே 5
குடத்தைத் தூக்கிய வேகத்தில் அத்தைக்குக் குறுக்கு பிடித்துக்கொண்டது. நரம்பு சரிதானா என்று பார்த்தேன்: கால் பெருவிரல் மேலே தூக்க வருகிறது. ஒன்னுக்குத் தடையில்லை.

மே 6
கட்டில் சட்டத்தைப் பிடித்து நேராக எழப் பார்த்துக் கத்தினாள். ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழணும். மல்லாந்தால் முட்டிக்கடியில் இரண்டு தலையணை. ஒருக்களித்தால் முட்டிகளுக்கு நடுவே ஒன்று. வெந்நீர்த் துண்டு ஒத்தடம் 15 நிமிஷம். “வேலூர் வெயில்ல ஒத்தடம் வேறயாடா?”

மே 7
பத்து நாள் அசையவே கூடாது என்கிறது தெரு. இரண்டு நாளைக்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து விறைப்புதான் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சந்துக்குள் 5 நிமிஷ நடை. வலி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுத்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். வலி மாத்திரையால் பிரஷரும் ஏறும், கிட்னிக்கும் கேடு.

மே 8
பெருவிரல் சரி.

மே 10
வலி காலுக்கு இறங்கிவிட்டது. பிட்டம், கெண்டைக்கால் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்புறம், பெருவிரல் வரை. இடுப்பின் ஐந்தாவது நரம்பு போகிற வழி இது. மல்லாந்து காலை நீட்டித் தூக்கினால் 40 டிகிரியிலேயே சுரீர்.

எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டுமாம். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை, பிதுங்கித்தான் தெரியும். பெரும்பாலும் ஆறு வாரத்தில் அடங்குகிற வலி. பாதம் துவண்டாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தாலோ கதை வேறு, முதுகெலும்பு டி.பி.யும் நம்ம ஊர்ப் பக்கம் உண்டு. ஒன்னுக்கு அடைத்து, சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்தால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ சி.எம்.சி.யோ, அந்த ராத்திரியே போகணும். விடியட்டும் என்று இருந்தால் சிறுநீர்ப்பை பழையபடி வேலை செய்யாமலே போகலாம்.

மே 11
சுளுக்கு எடுப்பவர் எண்ணெயோடு வந்தார். டீ கொடுத்து அனுப்பினேன்.

மே 13
குப்புறப் படுக்கை 2 நிமிஷம். பிறகு முழங்கை ஊன்றல். பிறகு இடுப்பு பாயை விட்டு எழாமல் கையை நீட்டி மார்பை மட்டும் உயர்த்தல், 10 முறை. கெண்டைக்கால் வலி விட்டது, குறுக்கில் கூடியது. பயந்துவிட்டாள். எனக்கோ நிம்மதி: வலி காலைவிட்டு இடுப்புக்கு ஏறினால் நல்லது. கீழே இறங்கினால் அந்த நிமிஷமே நிறுத்தணும்.

மே 16
முறத்தைக் கேட்டாள். பீடி சுற்றுகிறவர்கள் மடியில் முறம் வைத்துக் கூன் போட்டால் டிஸ்க் பின்பக்கம் தள்ளும். சுவரில் சாய்ந்து, நான்கு விரல் உயரப் போர்வை மடிப்பில் உட்காரவைத்தேன். 200 பீடிக்கு ஒருதரம் எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்பக்கம் 5 முறை வளையணும்.

விடிந்ததும் ஒரு மணி நேரம் குனியக் கூடாது. ராத்திரி டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். கோலம் எட்டு மணிக்கு மேல். வாசல் கோபித்துக்கொள்ளாது.

மே 19
பெருவிரல் தளர்ந்த மாதிரி இருக்கிறது. என் விரலால் அழுத்தி எதிர்த்துத் தூக்கச் சொன்னேன், இரண்டு காலிலும், மூன்று தடவை. குதிகாலில் பத்தடி நடந்தாள். பாதம் விழவில்லை. ஆனாலும்.

மே 20
காலை 6 மணி. இரண்டும் சமம்.

மே 22
மல்லாந்து முட்டி மடக்கி இடுப்பைத் தூக்கி 5 எண்ணும்வரை, 10 முறை. நிறைகுடம் 15 கிலோவுக்குக் குறையாது: அரைக்குடமாக இரண்டு நடை, முட்டியை மடக்கி, குடம் வயிற்றை ஒட்டி, தூக்கிக்கொண்டே திரும்பாமல். தலையாட்டினாள்.

மே 24
குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். குடத்தைக் காணோம். அத்தையையும்.