சலாமிஸ் கடன்

2025 ஜனவரி 6

கி.மு. 70இல், சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெர்ரெஸுக்கு எதிராக, மாகாணத்தைக் கொள்ளையடித்த வழக்கில் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ ஆற்றிய முதல் உரையை வாசித்து முடித்தேன். மூன்றாண்டுக் கொள்ளையை வெர்ரெஸ் முன்கூட்டியே பங்கு பிரித்துவைத்திருந்தார் என்கிறார் சிசரோ: ஓராண்டு வரும்படி தனக்கு, அடுத்தது வழக்காடி ஆதரிப்பவர்களுக்கு, கொழுத்த மூன்றாம் ஆண்டினுடையது முழுவதும் நீதிபதிகளுக்கு. தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருந்த அனைவரும் செனட்டர்கள். அவர்களுள் பலர் நாளையே ஒரு மாகாணத்துக்கு ஆளப் போகக்கூடியவர்கள். சாட்சியங்களுக்கு முன் நிற்க முடியாமல் வெர்ரெஸ் மசிலியாவுக்கு (இன்றைய பிரான்சின் மார்செய்) போய்விட்டார்.

2025 ஜனவரி 11

சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களை வாசித்தேன். இருபது ஆண்டுகள் கழித்து அதே சிசரோ, இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த சிலிசியா மாகாணத்தின் ஆளுநர். சைப்ரஸ் தீவும் அவர் பொறுப்பில். அங்கே சலாமிஸ் நகரம் வாங்கியிருந்த கடனுக்கு ஆண்டுக்கு 48 விழுக்காடு வட்டி கேட்கிறான் ஸ்காப்டியஸ் என்பவன். ரோமானியரும் வட்டியை மாதக் கணக்கில்தான் சொல்வார்கள் என்பதால், நம் ஊர் வழக்கில் இது நாலு வட்டி. முந்தைய ஆளுநர் அவனுக்குப் பதவியும் குதிரைப்படையும் கொடுத்திருந்தார். அந்தப் படையைக் கொண்டு நகர மன்றத்தாரை அவர்களுடைய மன்றக் கட்டடத்துக்குள்ளேயே அடைத்துப்போட்டதில் ஐந்து பேர் பட்டினியால் இறந்தார்கள். சிசரோ படையைத் தீவிலிருந்து வெளியேற்றினார், 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி செல்லாது என்றார். அந்தக் கணக்கில் அசலும் வட்டியுமாக 106 தாலந்து (பெருந்தொகைகளுக்கான பண்டைய பண அளவு) வந்தது. ஸ்காப்டியஸ் கேட்டதோ 200.

பணத்தின் உண்மையான சொந்தக்காரர் புரூட்டஸ் என்பது அதன் பிறகுதான் சிசரோவுக்குத் தெரியவருகிறது. ஆம், பின்னாளில் சீசரைக் கொன்றவர்களுள் ஒருவரான, ரோமே ஒழுக்கத்தின் உருவமாகக் கொண்டாடிய அதே புரூட்டஸ்.

2025 ஜனவரி 12

நேற்றைய கடிதங்களையே மறுபடியும் வாசித்தேன். சலாமிஸ்காரர்கள் 106 தாலந்தையும் கட்டத் தயாராக இருக்கிறார்கள். ஸ்காப்டியஸ் வாங்க மறுத்ததால், வட்டி மேலும் ஏறாதிருக்கப் பணத்தைக் கோயிலில் வைப்பாகச் செலுத்த அனுமதி கேட்கிறார்கள். ஓர் ஆளுநரின் ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. சிசரோ அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஸ்காப்டியஸின் வேண்டுகோளை ஏற்று வழக்கை அப்படியே நிறுத்திவைத்தார், அடுத்து வரும் ஆளுநர் எப்படிப்பட்டவராக இருப்பாரோ என்ற அச்சம் இருந்தும். வெர்ரெஸைப் போல அல்லாமல் சிசரோ ஒரு காசும் தொடவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிராளியின் பேராசையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியவருக்கு, நண்பர் வட்டாரத்தின் பேராசை முன்னால் வந்து நின்றபோது முகதாட்சணியம் தடுத்துவிட்டது.

அட்டிகஸ் அதற்கும் மேலே போகிறார்: ஸ்காப்டியஸுக்கு ஐம்பது குதிரைவீரர்களையாவது கொடுக்கக் கூடாதா என்று கேட்கிறார். தொடக்கத்தில், அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டகஸிடம் அத்தனை பேர்கூட இல்லையே என்று பதில் எழுதி மறுக்கிறார் சிசரோ. அந்தத் துணிச்சலுக்கு நடுவே ஒரு மனத்தாங்கலும் அவருக்கு உண்டு: உதவி கேட்டு எழுதும்போதும் புரூட்டஸின் எழுத்தில் திமிர்தான் தெரிகிறதாம்.