நடுவில் ஒரு குண்டான்

எங்கள் தொடக்கப்பள்ளியில் மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். ஆசிரியர்கள் டிபன் பாக்ஸோடு அலுவலக அறைக்குள் போய்விடுவோம். சத்துணவை யாராவது ஒரு ஆசிரியர் முதலில் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு கரண்டி போதும். பதினோரு வருடம் என் பங்கு அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசி மழையில் அலுவலக அறை ஒழுகியது. வேறு வழியில்லாமல் வராந்தாவில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: தெரு தெருவாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, எட்டெட்டுப் பேராக வட்டம் போட்டேன். நடுவில் ஒரு குண்டான். பிள்ளைகளே பரிமாற வேண்டும்.

சமையலர் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “சிந்திடுவாங்க டீச்சர். ஆளுக்கு நூறு கிராம் அரிசின்னு கணக்கு இருக்குல்ல?” கணக்கு மாறாது அக்கா, முட்டையை நீங்களே எண்ணி வையுங்கள் என்றேன். முதல் வாரம் சிந்தத்தான் சிந்தியது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். வரிசையில் நிற்கும்போது தினமும் அரைக் கரண்டி விழுந்ததுமே “போதும்” என்று தட்டை இழுத்துக்கொள்வாள். கொறிக்கிற பிள்ளை என்றே நினைத்திருந்தேன். வட்டத்தில் உட்கார்ந்த மூன்றாம் நாள் தக்காளி சாதத்தை மூன்று முறை போட்டுக்கொண்டாள். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒட்டினாள். வரிசையில் பின்னால் நின்று நெட்டித் தள்ளிய ஐந்தாம் வகுப்புப் பையன்கள்தான் அந்தப் “போதும்”.

1956-இல் காமராஜரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் பசியைக் கணக்கில் எடுத்தார்கள். அரிசி, பருப்பு எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு உண்டு. பயந்து பாதியில் எழுந்துபோகிற பிள்ளையைக் கணக்கெடுக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உண்டு. திங்கட்கிழமை மதியம் மட்டும் சிலர் மெல்லாமல் விழுங்குவதும் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. 2023 ஆகஸ்ட்டில் காலை உணவு எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமாவா என்று முகம் சுளித்தாலும் அந்த அவசரம் தணிந்தது.

கரண்டிச் சண்டை மட்டும் தீரவில்லை. முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். யாரோ பென்சிலால் திருத்தித் தங்கள் முறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் உருளைக்கிழங்கு.