வடசென்னைக்கு வருகிறவர்களுக்குப் பாஸ் கணக்கு: ஆகஸ்ட் 2025 நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2, சனி

மெட்ரோவின் பழைய பயண அட்டைக்கு நேற்றிலிருந்து ரீசார்ஜ் கிடையாது. சொந்தக்காரர் யாராவது "இதை வச்சுக்கோ" என்று கொடுத்தால் உள்ளே இருக்கிற மீதியைத் தீர்க்கலாம், அவ்வளவுதான். இனி சிங்காரச் சென்னை அட்டை. 2023 ஏப்ரலில் வந்தது. இந்த ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் கண்டக்டரின் மெஷினில் தொட்டால் டிக்கெட் வரும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போனில் போட்ட பணம் உடனே அட்டையில் ஏறாது. ஸ்டேஷன் மெஷினில் அட்டையை வைத்து அப்டேட் செய்த பிறகுதான் சிப்புக்குள் இறங்கும். பணம் போட்டும் கேட் திறக்கவில்லையா? முதலில் இதைப் பாருங்கள். கவுன்டரில் காசு கொடுத்து ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. அட்டைக்குள் அதிகபட்சம் 2,000 ரூபாய் வைக்கலாம். ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். தானும் தட்டிவிட்டுப் பின்னால் வருகிறவருக்கும் தட்ட முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மெட்ரோ கட்டணம் 2 கி.மீ. வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. போனில் எடுத்த க்யூஆர் டிக்கெட்டுக்கும் சிங்காரச் சென்னை அட்டைக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. விம்கோ நகர் பணிமனையில் ஏறி விமான நிலையம் வரை போனாலும் தள்ளுபடி போக 40 ரூபாய்தான்.

ஒருநாள் பாஸ் 150. அதில் 50 டெபாசிட், அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். ஆக, செலவு 100. முழுநீளப் பயணமாக இருந்தால் மூன்றாவது முறை ஏறும்போதுதான் லாபம். 30 ரூபாய்த் தூரம், அதாவது தள்ளுபடி போக 24, என்றால் நான்கு முறை போயும் 96தான். ஐந்தாவது பயணம் வேண்டும். தண்டையார்பேட்டையில் தங்கி, காலையில் சென்ட்ரல் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இது தண்டம். ஸ்மார்ட்போன் இல்லாமல், கவுன்டரில் முழுக் கட்டணம் கொடுத்து நாள் முழுக்க ஏறி இறங்குகிற பெரியவர்களுக்கு வேண்டுமானால் சரி.

30 நாள் பாஸ் 2,500, டெபாசிட் தனியாக 50. கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஞாயிறு உட்படத் தினமும் போய் வந்தாலும் தள்ளுபடிக் கட்டணத்தில் 2,400தான் ஆகிறது! ஒரு நாளைக்கு இரண்டு பயணத்துக்கு மேல் இல்லாதவர் இதைத் தொடவே வேண்டாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் காசில்லை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்திருந்தால் யோசிக்காமல் ஏறலாம். ஆனால் கண்டக்டரிடம் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி வண்டிகளுக்குக் காசு உண்டு. குடும்பமாக வருகிறவர்கள் எல்லோருக்கும் பாஸ் கணக்குப் போடுவதற்கு முன் இதைக் கழித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் போகிறவர்களுக்கு மெட்ரோ விம்கோ நகரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், குறைந்த கட்டணம் 5 ரூபாய். கொருக்குப்பேட்டையில் பாதை பிரிகிறது: ஒன்று பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரல், மற்றொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை ஸ்டேஷன். (1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அதே ராயபுரம்தான்.) டிக்கெட்டில் எந்த முனை இருக்கிறது, வருகிற வண்டி எந்த முனைக்குப் போகிறது, இரண்டையும் ஒத்துப் பாருங்கள். சென்ட்ரலில் இந்த வண்டிகள் பெரிய கட்டடத்தில் நிற்காது. பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போக வேண்டும்.

ரயில்வேயின் செயலியில் டிக்கெட் எடுப்பதானால் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே எடுத்துவிட வேண்டும். உள்ளே வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கிற க்யூஆரை ஸ்கேன் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பரிசோதகர் வரும்போது போன் அணைந்திருந்தால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான்.

இங்கே தாம்பரம் மார்க்கம் போல அடுத்தடுத்து வண்டி வராது. ஒன்றை விட்டால் நன்றாகக் காத்திருக்க வேண்டியதுதான். நீண்ட நாள் தங்குகிறவருக்கு சீசன் டிக்கெட்: மூன்று மாதத்துக்கு எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான்.

ஆகஸ்ட் 13, புதன்

மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் பாஸில் ஏசி தவிர எதிலும் ஏறலாம். ஜூன் 30இல் வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய ஏசி இல்லாத மின்சாரப் பேருந்துகளும் இதில் சேர்த்தி. ஏசியும் வேண்டுமென்றால் இந்த ஆண்டு வந்த 2,000 ரூபாய் பாஸ்.

தேதிதான் சூட்சுமம். 1,000 ரூபாய் பாஸுக்கு மாதம் என்றால் 16ஆம் தேதியிலிருந்து அடுத்த 15 வரை. நடப்பு மாதச் சீட்டுக்கு இன்றோடு சேர்த்து மூன்று நாள்தான் மிச்சம். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையும் சீட்டும் சேர்ந்தால்தான் பாஸ், ஒன்று மட்டும் காட்டினால் செல்லாது. முழு மாதத்துக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய் அடக்கம்; மின்ட்டுக்கும் திருவொற்றியூருக்கும் சாதாரணப் பேருந்தில் போய் வருவது மட்டும்தான் வேலை என்றால் அந்தளவுக்குச் செலவாவதே கஷ்டம்.

ஆகஸ்ட் 16, சனி

புதிய பாஸ் மாதம் இன்று தொடங்குகிறது. ஊர் திரும்புகிறவர்கள் மெட்ரோ பாஸ் அட்டையைப் பையிலேயே போட்டுக்கொண்டு ரயிலேறிவிடாதீர்கள். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கியதும் கவுன்டரில் கொடுத்து 50 ரூபாயை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போங்கள்.