வேல்ஸ்: பெயர்ப்பலகைக்கு ஒரு மணி நேரம், கோட்டைக்கு முக்கால் மணி நேரம்

லண்டனில் இருந்து குழுவாகப் போன வேல்ஸ் சுற்றுலாவில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஆங்கிள்சி தீவில், 58 எழுத்துப் பெயர் கொண்ட அந்த ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். அவ்வளவு நீளப் பெயரே 19ஆம் நூற்றாண்டில் வெளியூர்க்காரர்களை இழுப்பதற்காக வைத்ததுதான். படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் பக்கத்துப் பரிசுப்பொருள் கடையில் பர்ஸைக் காலி பண்ணத்தான்.

கேர்நார்வன் கோட்டைக்கோ முக்கால் மணி நேரம்! 1283இல் வேல்ஸை வென்ற கையோடு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளூர் மக்களை மிரட்டவே எழுப்பியது என்பது அந்தப் பல்கோண கோபுரங்களுக்கு அடியில் நின்றால் புரியும். விளம்பரத்தில் 'எல்லாம் சேர்த்து' என்று போட்டிருந்தார்கள். வாசலில் வந்து நின்ற பிறகு டிக்கெட் தனி என்றார்கள். பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஸ்னோடன் மலையைக் கேட்காதீர்கள். மேகம்தான் தெரிந்தது.

ஆனால் தெற்கே பிளேனவோனில் உள்ள பிக் பிட் இருக்கிறதே, அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். 1980இல் மூடிய நிலக்கரிச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். தலைக்கவசம், விளக்கு, இடுப்பில் கனமான பெல்ட் எல்லாம் மாட்டிவிடுகிறார்கள். கைபேசி, கைக்கடிகாரம் என பேட்டரி உள்ள எதையும் விடமாட்டார்கள். உள்ளே மீத்தேன் வாயு இருந்தால் ஒரு பொறி போதுமே! கூண்டு லிப்டில் 90 மீட்டர் கீழே இறங்கினோம். கூட்டிப்போனவர் அந்த வேலையே பார்த்த பழைய தொழிலாளி. மனிதர் பேச்சில் அப்படி ஒரு நக்கல்!

ஓரிடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். என் கையை மூக்குக்கு நேரே பிடித்தேன், தெரியவில்லை. இந்த இருட்டில் உட்கார்ந்து காற்றோட்டத்துக்கான கதவுகளைத் திறந்து மூடுவதுதான் சின்னக் குழந்தைகளின் வேலையாம். 10 வயதுக்குக் குறைந்த பையன்களையும், எந்த வயதுப் பெண்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக் கூடாது என்று 1842இல்தான் சட்டம் வந்தது. அப்புறம் சுரங்கத்துக்குள் நிலக்கரி வண்டி இழுத்த குதிரைகளின் லாயங்களைப் பார்த்தோம். ஒவ்வொரு தடுப்பிலும் குதிரையின் பெயர். அங்கேதான் குழுவில் யாரும் பேசவில்லை.

மேலே வந்து பாரா பிரித் சாப்பிட்டேன். தேநீரில் ஊறிய உலர்பழங்கள் போட்ட ரொட்டி, மேலே உப்பு வெண்ணெய் தாராளமாக. இன்னொரு துண்டும் வாங்கினேன், பட்ஜெட் கிடக்கட்டும்.

அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கீழே இறங்கக் கட்டணம் உண்டா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நியூபோர்ட்டில் இருந்து பேருந்து இருக்கிறது, குழுவோடு போகவே வேண்டாம். எங்கள் பஸ்ஸில் திரும்பும் வழியில் டிப்ஸ் உறை சுற்றுக்கு வந்தது. பெயர்ப்பலகையை நினைத்துக்கொண்டு சில்லறையாகப் போட்டேன்.