பனங்கிழங்கு நிறத்தில் ஒரு முன்னறை

அவித்த பனங்கிழங்கின் தோலை உரித்து, நடுவே பிளந்து, தும்பை இழுத்து எறிந்துவிட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு நிறம் இருக்கும். மஞ்சள் என்றால் கொஞ்சம் கூடிப்போகும். வெள்ளை என்றால் பொய்யாகிவிடும். முன்னறைக்கு அந்த நிறம்தான் என்று தை மாதம் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோதே முடிவெடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "முதலில் கிழங்கைத் தின்று முடி" என்றார்.

மாசி, முதற் சனி

அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 11. வடக்குச் சுவர் பாட்டனார் காலத்தது: சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து. மற்ற மூன்றும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து கட்டியவை, சீமெந்துக் கல். நிலம் சிவப்புச் சீமெந்து. மேலே கறுத்துப்போன பனஞ்சலாகைகள். ஒரே யன்னல், அதுவும் வடக்கே, அதற்கு வெளியே கறுத்தக்கொழும்பான் மாமரம். இந்த மரம் என்னை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

பழைய சுவரில் முன்பு யாரோ பூசிய பிளாஸ்ரிக் பெயின்ற் அப்பளம் போல எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினால் தகடு தகடாக விழுந்தது. உள்ளே வெள்ளைத் தூள், உவர். கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது. பெயின்ற் படலம் வழியை அடைக்கிறது. ஈரம் படலத்தைத் தள்ளிவிட்டு வருகிறது. ஆகவே அந்தச் சுவருக்கு ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பு, மற்ற மூன்றுக்கும் இமல்ஷன் பெயின்ற். ஒரே நிறத்தை இரண்டு வழியில் எடுக்க வேண்டும். மிச்சக் கதை முழுவதும் இந்த ஒரு வரியால் வந்த வினை.

மாசி, இரண்டாம் சனி

சுரண்டினேன். தும்மினேன். வேறொன்றும் இல்லை.

மாசி, மூன்றாம் சனி

பெயின்ற் கடையில் நிற அட்டையைப் பார்த்து, வெண்ணெய் போலத் தெரிந்த ஒரு மஞ்சளைக் காட்டி 4 லீற்றர் கலக்கச் சொன்னேன். கடைக்காரர், "அட்டையில் பார்ப்பதைவிடச் சுவரில் கூடத் தெரியும், தம்பி, இரண்டு படி வெளிறலாக எடுங்கள்" என்றார். எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு, காட்டியதையே வாங்கிவந்தேன்.

கிழக்குச் சுவரில் ஒரு பூச்சு. அழகு. மேற்குச் சுவரிலும் பூசினேன். அழகு எங்கேயோ போய்விட்டது. கிழக்குச் சுவரும் சேர்ந்து கெட்டுவிட்டது போலத் தெரிந்தது. பெயின்ற் மாறவில்லை, சுவர்கள் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கியிருந்தன. மஞ்சள் பூச்சு வெளிச்சத்திலிருக்கும் நீலத்தை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பிய வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு அங்கேயும் நீலத்தை இழக்கிறது. நாலைந்து முறை எகிறி வந்தபின் அறைக்குள் நிற்பது கடையில் பார்த்த மஞ்சள் அன்று.

இதை முன்கூட்டியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிந்தித்தான் எனக்குத் தோன்றியது. இரண்டு பிறிஸ்டல் போட் அட்டைகளில் அதே பெயின்றை இரண்டு முறை பூசிக் காயவிட்டு, பாதி விரித்த புத்தகம் போல ஒன்றையொன்று பார்க்க வைத்தேன். மடிப்புப் பக்கம் மஞ்சள் எப்படித் தடிக்கிறது என்பது அப்படியே தெரிந்தது. அட்டைக்கு ஆன செலவு ஒரு பிளேன்ரீக்குக்கூடக் காணாது.

அதோடு மாலையில் மேற்குச் சுவரில் ஒரு பச்சை ஏறியது. மாமரம்! மாசியில் சூரியன் தெற்கே நிற்கிறது, வடக்கு யன்னலில் நேர்வெயில் இல்லை. அறைக்குள் வருவதெல்லாம் வானத்து நீலமும் மாவிலையில் பட்டுத் தெறித்த பச்சையும்தான். அந்த வெளிச்சத்தில் சிவப்புச் சாயல் இல்லாத மஞ்சள் எலுமிச்சம்பழமாகிவிடுகிறது. "மஞ்சள்காமாலை பிடித்த வீடு" என்றார் அடுத்த வளவு மாமி.

மாசி, கடைசிச் சனி

பெயின்ற் விடயத்தில் பட்ட அடியை மறக்கப் பழைய சுவருக்குப் போனேன். சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்துத் துணியில் வடித்திருந்தேன். நிறத்துக்கு எதையாவது கடையில் வாங்குவானேன், குசினியில்தான் மஞ்சள் இருக்கிறதே என்று மூன்று கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினேன்.

வாளி சிவந்தது.

எங்கள் வீட்டில் எத்தனை மங்கல நிகழ்வுக்கு ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்திருப்பார்கள். எத்தனை முறை பக்கத்தில் நின்று பார்த்திருப்பேன். சுண்ணாம்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது தெரியாததில்லை. கலக்குகிறபோது நினைவுக்கு வரவில்லை. அம்மா வாசலில் நின்று, "சுவருக்குக் கண்ணூறு கழிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிடிவாதமாக ஒரு முழ அகலம் பூசிவிட்டேன். நாலு நாளில் சிவப்பு மங்கி, யன்னலோரம் கழுநீர் நிறமாகிவிட்டது. மஞ்சளின் சாயம் வெளிச்சத்துக்கும் நிற்காது.

பங்குனி, முதலிரண்டு சனிகள்

சீமெந்து நிலத்துக்குப் போடும் மஞ்சள் ஒக்சைட் தூள் வாங்கினேன். இது இரும்பு ஒக்சைட், சுண்ணாம்பின் காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 40 கிராம் மஞ்சள், மாமரத்தைச் சமாளிக்க ஒரு சிட்டிகை சிவப்பு ஒக்சைட். தூளைத் தனியாகத் தண்ணீரில் குழைத்துத்தான் சேர்க்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டி கட்டியாக நின்று சுவரில் வால் வால் ஆக இழுபடும். முதல் வாளியில் இழுபட்டது. நிறத்தூள் சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு அந்தப் பேராசை வரவில்லை.

சுவரை நனைத்துவிட்டு, பால் பதத்தில் மெல்லியதாகப் பூசினேன். பூசும்போது ஒன்றுமே தெரியாது, கீழிருக்கும் கறையெல்லாம் பல்லைக் காட்டும். காயக் காயத்தான் மூடும். ஈரத்தில் பூசணிப்பழ நிறமாக இருந்தது மறுநாள் மோராக வெளுத்திருந்தது. இமல்ஷன் காய்ந்தால் சற்றுக் கருக்கும், சுண்ணாம்பு நன்றாக வெளுக்கும். இந்த இரண்டையும் ஒரு மூலையில் சந்திக்க வைப்பது என்பது எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பஸ்களை ஒரே தரிப்பிடத்தில் நிற்கச் சொல்வது. நாலு பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள். கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்தேன், முழங்கையை மறந்துவிட்டேன். தோல் வெந்தது.

பங்குனி, மூன்றாம் சனி

சுண்ணாம்புச் சுவர் காய்ந்து கிழங்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. இனி இமல்ஷன் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். வாளியில் 2 லீற்றர் மிச்சம். அதே வகையில் 4 லீற்றர் வெள்ளை வாங்கிக் கலந்தேன். அட்டையில் பூசிப் பழைய சுவரோடு வைத்துப் பார்த்தால் வெளிறல் சரி, ஆனால் குளிர். சிவப்பு ஒக்சைட் நிறக் குப்பியிலிருந்து துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் அட்டையில் பூசி, காயவிட்டு, காலையும் மாலையும் பார்த்தேன். ஒன்பதாவது அட்டையில் அம்மா, "இதுதான் கிழங்கு" என்றார். மூன்று சுவரும் சேர்த்து 320 சதுர அடி, இரண்டு பூச்சு. 6 லீற்றர் மட்டுமட்டாகக் காணும் என்பது கணக்கு. கடைசி இரண்டு அடிக்கு வாளியின் அடியைத் தூரிகையால் வழித்தேன்.

சிவப்பு நிலம் பெரிய உதவி. யன்னல் வெளிச்சம் அதில் பட்டு எழும்பும்போது சுவரின் கீழ்ப்பாதி இளஞ்சூடாகிறது. கதவு நிலைக்குத் தூய வெள்ளை பூசிப் பார்த்து உடனே துடைத்தேன். அதிலிருக்கும் நீலச் சாயல் பக்கத்து மஞ்சளை அழுக்காக்கிக் காட்டியது. நிலையும் பனஞ்சலாகையும் மரநிறத்திலேயே இருக்கட்டும்.

மூலையில் இரண்டு பூச்சும் ஒன்றாகவில்லை. சுண்ணாம்புச் சுவரில் மேகம் போல ஏற்ற இறக்கம் இருக்கிறது. இமல்ஷன் இஸ்திரி போட்டதுபோல இருக்கிறது. உற்றுப் பார்ப்பவருக்குத் தெரியும். உற்றுப் பார்ப்பவருக்கு எங்கள் வீட்டில் தேநீர் தாமதமாகும்.

சித்திரை

சூரியன் வடக்கே விலகி உதிக்கத் தொடங்கிவிட்டது. புத்தாண்டை ஒட்டி உச்சந்தலைக்கும் வந்துவிட்டது. காலையில் மாவிலைக்கிடையால் வெயில் சாய்ந்து விழுகிறது. மாசியில் பார்த்த அறை இது இல்லை. நிறத்தை இப்போது தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் சிவப்பில் பாதியைத்தான் விட்டிருப்பேன்.

இரவு வேறு தொல்லை. 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. குமிழில் மறுபடி எலுமிச்சை எட்டிப் பார்த்தது. மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் குமிழ் மாட்டினேன். கிழங்கு திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா ஊசியையும் நூலையும் நீட்டி, "இந்த வெளிச்சத்தில் கோர்த்துக் காட்டு" என்றார். என்னாலும் முடியவில்லை. இப்போது தையல் மெஷினுக்கு மேல் பழைய வெள்ளைக் குமிழ் எரிகிறது. அந்த மூலை மட்டும் இரவில் இன்னும் பச்சை.